சாக்பீஸ் கோடும் ஈயக் கட்டியும்

"ஸ்டீயரிங் ஆடுதுங்க, அலைன்மென்ட் பார்த்துக் குடுங்க." கோயம்புத்தூரில் என் கடைக்கு வருகிற வண்டிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங். நேர் ரோட்டில் கையைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் அலைன்மென்ட். முழுக்க ஒடிக்கும்போதோ, ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போதோ டயர் உரசுகிறது என்றால் இரண்டும் இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த மூன்று கோளாறுகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஏதோ ஒரு நல்ல மாற்றத்தின் கூடவே வந்திருக்கிறது. மெத்தென்ற டயர் வந்தபோது ஒன்று, நல்ல ரோடு வந்தபோது ஒன்று, அழகான சக்கரம் வந்தபோது ஒன்று. நூல் கட்டி டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, பார்த்த கைகள் பல ஓய்ந்துவிட்டன. அவர்களிடம் கேட்டது, நானே செய்தது, புத்தகத்தில் தேடிப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்து இந்தத் தொழில் வந்த வழியை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

எனக்குச் சக்கரத்தைப் பற்றிய முதல் பாடம் சைக்கிள் கடையில். கோட்டம் எடுக்கிற வேலை. சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிச் சுழலவிட்டு, சாக்பீஸை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடிக்க வேண்டும். ரிம் எங்கே வெளியே வந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் இடப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் திருப்பு இறுக்கி, வலப்பக்கத்துக் கம்பியைக் கால் திருப்பு தளர்த்துவோம். ஒரே கம்பியில் மொத்தக் கோட்டத்தையும் எடுக்கப் பார்த்தால் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று சுற்றிவர வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் ஆசாரிகள் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி வட்டையையும் ஆரக்காலையும் குடத்தோடு இறுக்கும்போதே சக்கரம் நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அந்த வேகத்துக்கு அந்தக் கண் போதுமானதாக இருந்தது.

நாலு சக்கரம் என்று வந்ததும் கணக்கு மாறியது. பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணியைச் சுற்றித் திரும்பும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கென்ஸ்பெர்கர், அச்சை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு முனைகளிலும் சக்கரம் தனித்தனியாகத் திரும்பும்படி செய்தார். அதற்கு 1818இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அவருடைய முகவரான ருடால்ஃப் ஆக்கர்மன். படங்கள் அச்சிட்டு விற்கிற கடைக்காரர் அவர். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போகிறது, வெளிச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. ஆகவே உள் சக்கரம் சற்று அதிகமாக ஒடிய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று ரோட்டில் இழுபட்டுத் தேயும். இன்றைக்கும் காரை ஒடித்துப் பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு திரும்பியிருக்காது. அதைப் பார்த்து வண்டியில் பழுது என்று பயந்து வருகிறவர்களும் உண்டு.

நடுக்கம் என்ற நோய் பெரிதாகக் கிளம்பியது 1920களில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். அதுவரை டயர்கள் ஒல்லியாக, அதிகக் காற்றழுத்தத்தோடு கல்லாக இருந்தன. 1923இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி பலூன் டயரைக் கொண்டுவந்தது. அகலமான டயர், பாதியளவு காற்று, சுகமான சவாரி. முன் சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கும் வழக்கம் அதே ஆண்டுகளில் பரவியதால் முன் அச்சின் எடையும் கூடியது. இரண்டும் சேர்ந்ததும் நல்ல வேகத்தில் போகிற கார்கள் திடீரென்று முன் சக்கரங்களை இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடத் தொடங்கின. இதற்கு ஷிம்மி என்று பெயர்.

ஷிம்மி எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி புரிந்த மாதிரி. இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே கெட்டி அச்சு இணைத்திருக்கிறது. இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது சும்மா சாயாது, பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ஆகவே இரண்டு சக்கரங்களும் ஒரு பக்கம் வெட்டும். வெட்டிய வேகத்தில் அச்சு மறுபக்கம் சாயும். மறுபடியும் வெட்டு. கல்லைத் தாண்டிப் பல மீட்டர் போன பிறகும் இது தானாக நடந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே 1925இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஓடும் டயரைப் பக்கவாட்டில் தள்ளினால் அது தான் பார்க்கிற திசையிலேயே போகாது, கொஞ்சம் விலகி ஓடும் என்பதை அவர் ஷிம்மியோடு சேர்த்துக் காட்டினார். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி 1930இல் அமெரிக்காவில் காடிலாக்குக்குப் போனார். 1934ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய பல கார்களுக்கு ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனியாகத் தொங்கவிட்ட சஸ்பென்ஷனைக் கொடுத்தது. இணைத்திருந்த அச்சே இல்லை என்றால் ஒன்றின் ஆட்டம் இன்னொன்றுக்குத் தாவாது. மருந்து அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆயிற்று.

நம் பக்கத்தில் ஷிம்மியை மஹிந்திரா ஜீப்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மலைக்கு ஏற்ற கெட்டி முன் அச்சு அதற்கு இருந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் ஜீப்புகளுக்கு அங்கே வேகம் என்ற பேச்சே இல்லை. மலையை விட்டு இறங்கிப் பொள்ளாச்சி ரோட்டில் 50ஐத் தொட்டதும்தான் வினை. ஒரு டிரைவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாடு தலையச் சிலுப்புற மாதிரி சிலுப்புதுங்ணா. பிரேக்கு அடிச்சு நிறுத்தற வரைக்கும் உடமாட்டேங்குது." இதற்கு டயர் மாற்றிப் பார்த்தவர்கள், பேலன்ஸ் செய்து பார்த்தவர்கள், டேம்பர் புதிதாகப் போட்டவர்கள் எல்லாம் எங்களிடம் வருவார்கள். நான் கார் வேலை கற்ற கடையின் முதலாளி முதலில் ஜாக்கி போடச் சொல்வார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார். கடகடவென்று லேசான ஆட்டம் கைக்குத் தெரியும். அது கிங்பின், அதாவது சக்கரம் ஒடிந்து திரும்புகிற ஆணியின், பேரிங்.

கிங்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே தாள் மாதிரி மெல்லிய ஷிம் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். மேலேயும் கீழேயும் சமமாக எடுத்து, மூடியை இறுக்கி, டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி இழுத்துப் பார்ப்போம். தராசு முள் எந்த எடையில் இருக்கும்போது அது நகரத் தொடங்குகிறதோ அதுதான் அளவு. ரொம்ப லேசாக நகர்ந்தால் இன்னும் ஒரு தகடு எடுக்க வேண்டும். ரொம்ப இறுகினால் வளைவில் ஸ்டீயரிங் திரும்பி வராது, ஒரு தகடு திருப்பிப் போட வேண்டும். இந்த வேலைக்கு மெஷின் எதுவும் கிடையாது. மீன் கடையில் தொங்குகிற அதே கைத்தராசுதான் எங்கள் கருவி.

மாருதி வருவதற்கு முன் காரில் பெரும்பாலும் மூன்றுதான் ஓடின. உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட் என்கிற பிரீமியர் பத்மினி, சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுக்கும் மூன்று குணம். அம்பாசடர் முன்னால் டார்ஷன் பார், ரேக் ஸ்டீயரிங். ஃபியட்டுக்கு ஸ்டீயரிங் பாக்ஸ், ஐட்லர் ஆர்ம், நடுவில் ஒரு ராடு என்று மூட்டுகள் அதிகம். ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு தளர்ந்தாலே ஸ்டீயரிங்கில் நாலு விரல் ஆட்டம் தெரியும். இவற்றில் கிரீஸ் நிப்பிளை மறந்த வீட்டு வண்டியையும், கிரீஸ் தவறாமல் வைத்த டாக்சியையும் பக்கத்தில் நிறுத்தினால் டாக்சி நேராக ஓடும். பராமரிப்பு என்பதன் முழுப் பொருளையும் நான் டாக்சிக்காரர்களிடம்தான் கற்றேன்.

டோ பார்ப்பது இப்படி. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, டயரைச் சுழலவிட்டு, நடுவில் சாக்பீஸால் அகலமாகப் பூசுவோம். பிறகு ஒரு கட்டையில் அடித்த ஆணியை அசையாமல் பிடிக்க, வெள்ளைப் பூச்சின் நடுவில் மெல்லிய கோடு ஒன்று டயர் முழுக்கச் சுற்றி விழும். டயரில் கோட்டம் இருந்தாலும் இந்தக் கோடு நேராகவே இருக்கும், அதுதான் இதன் சூட்சுமம். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி நிலைக்கு வரவிட்டு, ட்ராமல் கேஜ் என்கிற நீண்ட கம்பியால் இரண்டு கோடுகளுக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுப்போம். இரண்டையும் ஹப் உயரத்திலேயே எடுக்க வேண்டும். முன்னளவு பின்னளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. பின் சக்கரம் தள்ளுகிற வண்டியில் ரோடு முன் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி விரிக்கப் பார்க்கும். அந்த விரிவுக்கு முன்கூட்டியே இடம் கொடுப்பதற்காகத்தான் நிற்கும்போது கொஞ்சம் உள்நோக்கி வைப்பது.

கேஜ் எடுப்பதற்கு முன்பே முதலாளி விடையைச் சொல்லிவிடுவார். டயர் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவுவார். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி அறுத்தால் டோ அதிகமாக உள்ளே இருக்கிறது. மாறி அறுத்தால் வெளியே விரிந்திருக்கிறது. "ஏங்கண்ணு, டயரு எழுதி வெச்சிருக்குது, நீ படிக்கோணும்" என்பார். நானும் இன்று கடைக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் மெஷினைக் காட்டும் முன் கையைத் தடவச் சொல்கிறேன். கை சொன்னதையும் ஸ்கிரீன் சொன்னதையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஹெரால்டு தனி ரகம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார். அந்த அளவுக்கு முன் சக்கரம் ஒடியும். பின்னால் ஸ்விங் ஆக்சில். இரண்டு பின் சக்கரங்களும் நடுவிலிருந்து சிறகு போல மேலும் கீழும் போகும். ஆள் ஏறினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, உள் ஓரம் தேயும். ஜாக்கியில் தூக்கினால் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கிவிடும். இறக்கிய பிறகும் அப்படியே நிற்கும், உருட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். உருட்டாமல் அளந்தவனுக்கு எந்த எண்ணும் சரியாக வராது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கசலில் அந்தப் பின் ஆக்சிலை விட்டுவிட்டுச் சாதாரணக் கெட்டி ஆக்சிலைப் போட்டார்கள். நம் ரோட்டுக்கு அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

டயர் உரசும் தொல்லை அந்த நாளில் முக்கியமாகக் கல்யாண சீசனில்தான் வரும். அம்பாசடரில் எட்டுப் பேர், டிக்கியில் பாத்திரம், சீர்வரிசை. பின்னால் கட்டு ஸ்பிரிங் தட்டையாகி டயர் மேலே போய் மட்கார்டைத் தொடும். பாரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பெயின்ட் போய்த் தகடு பளபளக்கும் இடம் தெரியும். சுற்றிலும் கறுப்பாக ரப்பர் தூள் ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் உச்சியில் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்துவிட்டது, இல்லை டயர் பெரிது. உள்பக்கச் சுவரில் இருந்தால் டயர் அகலம், இல்லை புஷ் போய்விட்டது. ஒரே பக்கத்தில், அதுவும் முன் ஓரத்திலோ பின் ஓரத்திலோ தேய்ந்திருந்தால் ஆக்சிலே இடம் மாறிவிட்டது என்று பொருள்.

ஆக்சில் எப்படி இடம் மாறும் என்று கேட்பார்கள். ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிப்பது ஒரு சென்டர் போல்ட். அதன் தலைதான் ஆக்சிலில் உள்ள குழியில் உட்கார்ந்து இடத்தைக் காக்கிறது. இரண்டு யூ போல்ட்டுகள் தளர்ந்தால் மொத்தப் பாரமும் அந்தச் சிறு தலைமேல் விழும். ஒரு நாள் அது அறுந்துபோகும். ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் ஓரிரு அங்குலம் நகரும். பிறகு வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் முன் சக்கரத் தடத்தில் பின் சக்கரம் போகாமல் நண்டு மாதிரிக் கோணலாகப் போவது தெரியும். டிரைவர் ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்துப் பிடித்தபடியே நேராக ஓட்டிக்கொண்டிருப்பார். முன்னால் எத்தனை முறை டோ வைத்தாலும் இது தீராது. ஹப்பின் நடுவிலிருந்து சேசிஸில் ஒரு குறிக்கு நூல் பிடித்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு சென்டர் போல்ட்டும் ஒரு மணி நேர வேலையும்தான் செலவு. போட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓடவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் போல்ட் மறுபடி அறுந்து வண்டி திரும்பி வரும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. எங்கள் தொழிலை அந்தக் கார் போல வேறு எதுவும் புரட்டிப்போடவில்லை. எஞ்சின் முன் சக்கரத்தை இழுக்கிறது. ஆகவே ஓடும்போது முன் சக்கரங்கள் விரிவதற்குப் பதில் சேரப் பார்க்கும். டோ ஏறக்குறைய பூஜ்யம். அம்பாசடர் அளவையே இதற்கும் வைத்த கடைகளில் புது டயர்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஓரம் தின்றுபோயின. ரேடியல் டயரை இந்தியாவில் கார்களுக்கு ஜேகே டயர் 1977இலேயே கொண்டுவந்திருந்தாலும், சாதாரண வீட்டு வண்டியில் நாங்கள் அதைத் தொட்டுப் பார்த்தது மாருதி வந்த பிறகுதான். பழைய டயரின் பக்கச் சுவர் கெட்டி, பல தவறுகளைத் தானே தாங்கிக்கொள்ளும். ரேடியலின் சுவர் வளையும், ஓடுகிற முகம் ரோட்டில் படிந்தே போகும். தவறான டோ நேராக அந்த முகத்தில் எழுதப்பட்டுவிடும்.

பேலன்சிங் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். அம்பாசடர் காலத்தில் பேலன்சிங் மெஷின் பெரிய ஊர்களில் இருந்தது, கேட்டு வருகிறவர்கள் குறைவு. காரணம் எளிது. 80இல் தொடர்ந்து பத்து நிமிடம் ஓட்டுவதற்கு ரோடு இல்லை. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் குழிக்குக் குழி இறங்கிப் போகிறவனுக்கு நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. 1999க்குப் பிறகு தங்க நாற்கரச் சாலைத் திட்டமும், அதைத் தொடர்ந்து மற்ற தேசிய நெடுஞ்சாலைகளும் நாலு வழியாக மாறத் தொடங்கியதும் ஜனங்கள் 100ஐத் தொட்டார்கள். ஸ்டீயரிங் நடுங்குகிறது என்ற புகார் அப்போதுதான் எங்கள் வாசலில் வரிசை கட்டியது. சக்கரங்கள் கெட்டுப்போகவில்லை, ரோடு நன்றாகிவிட்டது.

20 கிராம் ஏறக்குறைவு என்ன செய்துவிடும் என்று நினைப்பார்கள். மாருதி 800இன் 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 18 சுற்று சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய நாலு கிலோ எடைக்குச் சமமாக வெளிநோக்கி இழுக்கும். நொடிக்கு 18 தடவை சக்கரத்தை மேலும் கீழுமாகக் குத்தும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகக் குறைந்துவிடும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லீங்க" என்று திருப்பி அனுப்புகிற மெக்கானிக் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்.

நான் முதலில் பார்த்த மெஷினில் சக்கரத்தைக் கழற்றவே மாட்டோம். முன்பக்கத்தைத் தூக்கி, சஸ்பென்ஷனுக்கு அடியில் ஒரு உணர்கருவியை நிறுத்தி, மோட்டார் உருளையை டயரோடு அழுத்திச் சுழற்றுவோம். சக்கரம் ஒவ்வொரு முறை கீழே குத்தும்போதும் ஒரு விளக்கு பளிச்சென்று மின்னும். டயரில் போட்ட சாக்பீஸ் குறி அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அது நிற்கிற இடத்தை வைத்துக் கனமான இடத்தைக் கணித்து எதிர்ப்பக்கம் ஈயக் கட்டியைத் தட்டுவோம். பிறகு சக்கரத்தைக் கழற்றிக் கூம்பில் மாட்டிச் சுழற்றும் மெஷின் வந்தது. உள் ஓரத்துக்கு எத்தனை கிராம், வெளி ஓரத்துக்கு எத்தனை கிராம் என்று அதுவே எண்ணைக் காட்டும். ஈயம் விஷம் என்பதால் ஐரோப்பாவில் 2005 முதல் கார்களில் ஈயக் கட்டியைத் தடுத்துவிட்டார்கள். இங்கேயும் இரும்பும் துத்தநாகமும் வரத் தொடங்கிவிட்டன. வெறுங்கையில் ஈயத்தை நறுக்கி வேலை பார்த்தவர்களை நினைக்கும்போது இந்த மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மெஷினில் ஏற்றும் முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில் மழை நாளில் வண்டியை விட்டு எடுத்தால் உள்ளே களிமண் அப்பிக் காய்ந்திருக்கும். அதைச் சுரண்டாமல் பேலன்ஸ் செய்தால் மண்ணுக்கும் சேர்த்துக் கட்டி போட்டதாகும். அடுத்த மழையில் மண் கரைந்ததும் நடுக்கம் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

அலாய் வீல் மோகம் இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பெரிதாகப் பரவியது. அதோடு உரசலும் திரும்பி வந்தது. மாருதி 800இன் 145/70 R12 டயருக்கு மொத்த உயரம் சுமார் 508 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 155/65 R13 போட்டால் சுமார் 532. அதாவது மேலே 12 மில்லிமீட்டர் அதிகம், அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் அதிகம். நிற்கும்போது எதுவும் தெரியாது. முழுக்க ஒடித்தபடி வேகத்தடையில் இறங்கும்போது உள் ஓரம் லைனரைப் பிடிக்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும், அது வேறு. உரசலைத் தவிர்க்க ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்துத் தரச் சொல்லி வருகிறார்கள். நட்டு பிடிக்கும் மரை குறைகிறது, பேரிங்குக்கு வெளியே பாரம் போகிறது. என் கடையில் அதைச் செய்ய மாட்டேன். பையன்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். அந்தச் சக்கரம் நாலு வழிச் சாலையில் கழன்றால் போவது அவர்கள் மட்டும் இல்லையே.

அலாயில் இன்னொரு மறைவான கோளாறு உண்டு. சிறிய கார்கள் பலவற்றில் ஹப்பின் நடு வட்டம் 54.1 மில்லிமீட்டர். வெளிச் சந்தையில் விற்கும் அலாய் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 73.1 துளையோடு வரும். பேலன்சிங் மெஷின் துளையின் நடுவைப் பிடித்துச் சுழற்றிப் பூஜ்யம் காட்டும். காரில் மாட்டும்போது நடுவைப் பிடிக்க ஹப் எட்டாது, நட்டுகள்தான் தாங்கும். ஒரு பக்கம் முதலில் இறுக்கினால் வீல் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். எத்தனை கடை ஏறினாலும் நடுக்கம் போகாது. இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று போட்டு, வண்டியை ஜாக்கியிலேயே வைத்து நட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கினால் தீர்ந்தது.

அலைன்மென்ட் மெஷின்கள் இதற்குள் மிகவும் முன்னேறிவிட்டன. முதலில் ஒளிக்கற்றையைச் சுவர்ப் பலகையில் பாய்ச்சுபவை, பிறகு நாலு சக்கரத்திலும் தலை மாட்டுபவை, இப்போது சக்கரத்தில் மாட்டிய பலகையைக் கேமரா பார்த்துக் கணிக்கும் 3டி. புதுச்சேரி மானாடெக் போன்ற நம்மவர் கம்பெனிகளே இவற்றைச் செய்கின்றன என்பதில் எனக்குப் பெருமை. பின் சக்கரங்கள் எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதையும் சேர்த்து அளப்பதுதான் இவற்றின் பெரிய லாபம். நண்டு நடையை நூல் பிடித்துத் தேடிய காலம் போய், திரையில் ஒரு எண்ணாகவே வந்துவிடுகிறது. ஆனாலும் கோவையில் கரிவர்தன் 80களின் கடைசியில் ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி வளர்த்த பந்தயக் களத்தில், பிட்டில் வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி அளக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிற மாதிரியே இருக்கிறது. சமதளமும் பொறுமையும் இருந்தால் நூல் பொய் சொல்லாது.

மெஷினுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தாலும், பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலும், நிற்கிற வண்டியில் எண்கள் சரி என்று பச்சையாகத்தான் வரும். கேட்டைத் தாண்டிப் பிரேக் அடித்ததும் அந்தப் பச்சை மாறிவிடும். ஆகவே முதலில் காற்று, பிறகு தூக்கி ஆட்டிப் பார்ப்பது, பிறகு பேலன்சிங், கடைசியில் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றிச் செய்கிற இடத்தில் காசு கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

இப்போது எலக்ட்ரிக் கார்கள் வருகின்றன. எஞ்சின் சத்தம் இல்லை, அதனால் இதுவரை மறைந்திருந்த டயரின் முனகல் எல்லாம் காதில் விழுகிறது. "60ல போனா ஊங்குதுங்க" என்று புதுப் புகார். டயரா, வீல் பேரிங்கா என்று பிரிக்க முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் மாற்றி ஓட்டுவோம். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர். மாறாமல் இருந்து, இடப்பக்கம் வளைக்கும்போது ஏறினால் வலது பேரிங், வலப்பக்கம் வளைக்கும்போது ஏறினால் இடது.